கணித ஆசிரியர் வட்டம்: 2024–2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

கும்பகோணம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் கணிதம் நடத்தும் நாம் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். இந்த ஆண்டு ஒன்பது கூட்டங்கள் நடந்தன. ஒரு மாதம் மழையால் நின்றது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் பொதுத்தேர்வுப் பணி. புதிதாக ஆறு பேர் சேர்ந்து, இப்போது 27 பேர் இருக்கிறோம்.

ஜூன் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். "இது எதுக்கு சார் உதவும்?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், ஊரிலிருந்தே ஓர் எண்ணை எடுத்துக் காட்டுவது, அதற்குக் கைபேசியையும் கணினியையும் துணைக்கு வைத்துக்கொள்வது. அதில் நடந்ததைத்தான் இந்த அறிக்கையில் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

பாசனத்துக்காக வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12-இல், 2024-இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. திறக்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. நம் பிள்ளைகளில் பலரின் வீட்டில் அதுதான் பேச்சு. அந்த நேரத்தில் நம் உறுப்பினர் ஆசிரியை ஒருவர், நாளிதழில் தினமும் வரும் அணை நிலவரத்தைக் கத்தரித்து வகுப்புக்குக் கொண்டுபோனார். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு என்று நான்கு எண்கள். அவற்றைத் தன் கைபேசியில் விரிதாளாகப் பதிந்து, நம் வாட்ஸ்அப் குழுவிலும் அன்றாடம் போட்டுவந்தார்.

முதல் கேள்வி ஒரு மாணவனிடமிருந்து வந்ததாம்: "மொத்தம் 120 அடி. 60 அடி வந்துட்டா பாதி அணை நிரம்பிடும்தானே டீச்சர்?" அவர் விடை சொல்லவில்லை. வரைபடத் தாளைக் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொன்னார். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நேர்க்கோடு என்று வைத்துக்கொண்டால் 60 அடிக்கு 46-க்கு மேல் வர வேண்டும். ஆனால் 100 அடிக்கே இருப்பு 65 டி.எம்.சி.யை ஒட்டித்தான். அதாவது கடைசி 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி. அடங்குகிறது. 60 அடியில் இருப்பது ஏறக்குறைய கால் பங்கு. பிள்ளைகளின் புள்ளிகள் கோட்டில் நிற்காமல் மேல்நோக்கி வளைந்தன. பிறகு அதே எண்களை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் உள்ளிட்டுத் திரையில் வளைவைக் காட்டியபோது, "மேல போகப் போக அணை அகலமா இருக்கு டீச்சர், அதான்" என்று ஒரு மாணவி சொல்லியிருக்கிறாள். இடைக்கண்டத்தின் (நுனி வெட்டிய கூம்பின்) கன அளவு அந்த வகுப்பில் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ஜூலை நடுவில் 50 அடிக்குக் கீழே இருந்த மட்டம், ஜூலை 30-இல் 120 அடியைத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த நாட்களில் வேறு இரண்டு பள்ளிகளிலும் இதே பாடம் நடந்தது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி வந்தால் ஒரே நாளில் 8.64 டி.எம்.சி. சேரும். "அப்ப எத்தனை நாள்ல ரொம்பும்?" என்று பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டு, மறுநாள் பேப்பரோடு ஒப்பிட்டார்கள். கன அடியை டி.எம்.சி.யாக மாற்றும் வாய்பாட்டை விரிதாளில் எழுதப் பழகியதும் அப்போதுதான். என் பணிக்காலத்தில் அலகு மாற்றத்தை இவ்வளவு ஆர்வமாகச் செய்த வகுப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்தது டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, தேசிய கணித நாள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு, அதே தெருவில் நின்று சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அளந்தோம். ஏற்றக் கோணத்துக்குக் கைபேசியில் உள்ள சாய்வுமானி. தூரத்துக்கு நம் வட்டம் வாங்கிய 30 மீட்டர் நாடா. ஐந்து குழுக்களுக்கும் ஐந்து விடை. ஒரு குழு கைபேசியைப் பிடித்த உயரத்தைக் கூட்ட மறந்திருந்தது. இன்னொரு குழு வாசல் வரை அளந்துவிட்டது. கலசம் நிற்பதோ கோபுரத்தின் நடுவில். மற்ற மூன்றிலும் கை நடுக்கம்தான் காரணம். 300 அடி தள்ளி நின்று ஒரு டிகிரி பிசகினால், உயரத்தில் சுமார் 7 அடி மாறிவிடும். இதைப் பிள்ளைகள் பேசித் தீர்ப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது, யாரும் கிளம்பவில்லை. புத்தகக் கணக்கில் கோணம் 30 என்றும் 60 என்றும் தயாராக வந்துவிடுகிறது. அளந்த கோணம் அப்படி வருவதில்லை.

சரியாக வராததையும் பதிவு செய்ய வேண்டும். ஜனவரிக் கூட்டத்தில் ஒரே மூச்சில் ஏழு செயலிகளை அறிமுகப்படுத்தினோம். அடுத்த மாதம் விசாரித்தால் யாரும் ஒன்றைக்கூட வகுப்பில் திறக்கவில்லை. அது என் திட்டமிடலின் பிழை. இனி கூட்டத்துக்கு ஒரு கருவி, அதுவும் ஒரு பாடத்தோடு சேர்த்து என்று வைத்துக்கொள்வோம். பாடநூலின் இணையச் செயல்பாடுகளிலும் ஜியோஜீப்ராதான் பெரும்பாலும் வருகிறது. அதில் கை பழகினாலே போதும். ஒரு பள்ளியில் செயல்விளக்கத்தின் நடுவே இணையம் போனது. அதன்பின் இணையமின்றி இயங்கும் பதிப்பை 14 பள்ளிகளின் கணினிகளில் நிறுவிக்கொடுத்தோம். மாணவர் கைபேசி கொண்டுவர முடியாது. ஆசிரியரின் ஒரே கைபேசியை 40 பேர் சூழ்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் முதலில் தாளில் புள்ளி, பிறகு திரை என்ற வரிசையை வலியுறுத்துகிறேன். கையால் புள்ளி வைத்த பிள்ளைக்குத் திரையில் எழும் வளைவு தன்னுடையதாகத் தெரிகிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டத்துக்கு வகுப்பறை தந்த தலைமையாசிரியர்களுக்கும், விடுமுறை நாளில் பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டில் வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கு, தொடக்கத்தில் சில யூனிட் இலவசம், அதன்மேல் படிப்படியாக ஏறும் கட்டணம்: ஒன்பதாம் வகுப்புக்கே வரைபடம் வரைய ஏற்றது. முதல் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் வீட்டின் கடைசி ஆறு மின்கட்டணக் கணக்குகளைக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். அணை நிலவர விரிதாளும் தொடர்கிறது. ஜூன் முதல் அதைப் பதிய இரண்டு பேர் பெயர் கொடுக்க வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையை வேண்டுகிறேன்.

செயலாளர்