"என்ன பாட்டு வேண்டும்?" என்று நோயாளியிடம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரை அறுவை சிகிச்சை முகாம்கள் பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது என்று படிக்கிறோம். சிகிச்சை நடக்கும் அந்தச் சில நிமிடங்கள் மேசையில் படுத்திருப்பவர் படும் அச்சத்தைப் பற்றிப் படித்த நினைவு எனக்கு இல்லை. இரண்டு கண்களிலும் அறுவை செய்துகொண்டவள் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

கண்புரைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். நோயாளி விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். முகத்தை மூடும் பச்சைத் துணியில் அறுவை செய்யும் கண்ணுக்கு மட்டும் துளை இருக்கும். பார்வைக்கு வேலை இல்லாதபோது காது இரு மடங்கு கூர்மையாகிவிடுகிறது. முதல் கண்ணுக்குப் படுத்திருந்தபோது, தட்டில் கருவி வைக்கும் ஓசை, இயந்திரத்தின் 'பீப்' சத்தம், "இது இல்ல, வேற குடு" என்று யாரோ சொன்ன சொல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு விபரீதப் பொருளைக் கற்பித்துக்கொண்டு மேசையின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தேன். வீட்டில் 130-ஐத் தாண்டாத என் இரத்த அழுத்தம் மருத்துவமனையில் 180 காட்டியதால், அந்தச் சிகிச்சையே இரண்டு நாள் தள்ளிப்போய்த்தான் நடந்தது.

நான்கு மாதம் கழித்து, அதே மருத்துவமனையில், மற்றொரு கண். இம்முறை இருந்த செவிலியர், "பாட்டு கேப்பீங்களாம்மா? என்ன பாட்டு வேணும்?" என்று கேட்டார். நீலாம்பரி ராகத்தில் ஒரு தாலாட்டு சொன்னேன். "தாலாட்டு வேண்டாம்மா, தூங்கிட்டீங்கன்னா திடீர்னு முழிச்சுத் தலையை அசைச்சிடுவீங்க" என்றார். நாகசுரத்தில் ஆனந்தபைரவி கேட்டேன். தன் கைப்பேசியில் தேடி எடுத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைப் பொருத்திவிட்டு, ஒலியைத் தாழ்த்தி வைத்தார். கருவிகளின் ஓசை அன்றும் கேட்கத்தான் செய்தது. ஆனால் என் கவனம் ஆலாபனையின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. துணிக்கடியில் விரல்கள் தாமாகவே தாளம் போட்டுக்கொண்டிருந்ததை, "முடிஞ்சிருச்சும்மா" என்று மருத்துவர் சொன்னபோதுதான் உணர்ந்தேன்.

இது புதிய யோசனை அன்று. அறுவை அரங்கில் நோயாளியின் அச்சத்தைத் தணிக்க கிராமபோன் வைத்ததைப் பற்றி, பென்சில்வேனியாவைச் சேர்ந்த எவான் கேன் என்ற மருத்துவர் 1914-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 7,000 நோயாளிகளை உள்ளடக்கிய எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, அறுவை சிகிச்சையை ஒட்டி இசை கேட்டவர்களிடம் பதற்றமும் வலியும் வலி நிவாரணிகளின் தேவையும் குறைந்திருந்ததாகக் கூறுகிறது. 2019-ல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நரம்பை மரக்கச் செய்யும் ஊசிக்கு முன் 157 பேரில் ஒரு பகுதியினருக்கு மிடசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தையும், மற்றவர்களுக்கு இசையையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரு சாராருக்கும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆனால் இசை கேட்டவர்களின் மனநிறைவு சற்றுக் குறைவு. வெளிச்சத்தம் புகாத ஹெட்போனால் மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதும் சிரமமாயிற்று. அந்த இசையைத் தேர்ந்தெடுத்தவர்களும் நோயாளிகள் அல்லர், ஆய்வாளர்களே.

ஆகவே, அறுவை அரங்கில் ஒரு ஸ்பீக்கரை மாட்டிவிட்டால் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பல அரங்குகளில் ஏற்கெனவே பாட்டு ஒலிக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் அங்கே பணிபுரிபவர்களின் விருப்பம். முகாம் நாட்களில் ஒரே அரங்கில் இரண்டு மூன்று மேசைகள் இருக்கும்போது, ஒருவருக்கு இதமான தவில் பக்கத்து மேசைக்காரருக்கு இரைச்சலாகிவிடும். அறுவை செய்யும் கண்ணில் விடும் நீர் அந்தப் பக்கத்துக் காதை நோக்கி வழியும் என்பதால், எதிர்ப்பக்கத்துக் காதில் மட்டும், ஸ்பிரிட்டால் துடைத்த இயர்போன் ஒன்றைப் பொருத்தினால் மருத்துவரின் குரலும் தடையின்றிக் கேட்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு புட்டி கண் சொட்டு மருந்தின் விலையை ஒட்டித்தான் இருக்கும்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: அரசு மருத்துவமனைகளில் கண்புரை, பல் பிடுங்குதல், கட்டி கீறுதல் போன்ற சிறு சிகிச்சைகளுக்கு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே, "என்ன கேட்க விரும்புகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் செய்ய வேண்டும். ஒருவர் தேவாரம் கேட்பார், ஒருவர் பழைய திரைப்பாடல் கேட்பார். பாட்டே வேண்டாம், டாக்டர் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்பவரும் இருப்பார். அவரிடம் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
திருவாரூர்.