இத்தாலிக்கு மாணவர்களை அழைத்துச் செல்லவிருக்கும் பேராசிரியைக்கு

அன்புள்ள மேடம்,

வணக்கம். நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தை முழுக்கப் படித்தோம். 30 கட்டடக்கலை மாணவர்கள், 12 இரவு, ஒன்பது ஊர்: ரோம், ஒர்வியெட்டோ, சியனா, பிசா, ஃபுளோரன்ஸ், பொலோனியா, வெரோனா, வெனிஸ், மிலான். பார்க்கத் தகாத ஊர் இதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நான்கை எடுத்துவிடுங்கள். அதையும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே செய்துவிடுங்கள். தங்குமிட முன்பதிவையும் ஊர்வாரித் திட்டத்தையும் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். பிறகு மாற்றினால் அத்தனை தாளையும் மறுபடி தயாரிக்க வேண்டும்.

மாணவர்களின் பயணக் குறிப்பேடுகளைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரியும். ஓடிக்கொண்டே பார்த்த ஊர் என்றால் ‘அழகு’, ‘பிரமாண்டம்’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். உட்கார்ந்து வரைந்த இடம் என்றால் தரை எந்தப் பக்கம் சரிகிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது, மதியம் ஜனங்கள் எந்த நிழலில் ஒதுங்குகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். கட்டடக்கலை படிப்பவர்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான்.

30 பேரோடு ஊர் மாறுவதென்றால் அரை நாள் போய்விடும். அறையைக் காலி செய்ய வேண்டும், பெட்டிகளைச் சேர்க்க வேண்டும், தலை எண்ண வேண்டும், ரயில் பிடிக்க வேண்டும். போய்ச் சேரும் இடத்திலோ பிற்பகல் 2, 3 மணிக்கு முன்னால் அறை கிடைக்காது. ஒன்பது ஊர் என்றால் எட்டு அரை நாள், அதாவது நான்கு முழு நாள் வழியிலேயே கழிந்துவிடும். ரோமில் நான்கு இரவு, சியனாவில் இரண்டு, ஃபுளோரன்ஸில் மூன்று, பொலோனியாவில் ஒன்று, வெனிஸில் இரண்டு வையுங்கள். பிசா வேண்டுமென்றால் ஃபுளோரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஊர் திரும்பும் விமானத்தை வெனிஸிலிருந்தே போட்டால் மிலான் தேவைப்படாது.

ரோமில் பழைய ரோமானியக் கோவிலான பாந்தியனை நண்பகலை ஒட்டி வையுங்கள். குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்குச் சற்று மேல். தரையிலிருந்து உச்சித் துளைக்கும் அதே உயரம். இந்த அளவை வகுப்பிலேயே சொல்லிவிடலாம். அங்கே போய்த்தான் பார்க்க வேண்டியது வெளிச்சம். துளை வழியாக இறங்கும் வெயில் வட்டமாக விழும். கோடையில் நண்பகலில் தரைக்கு வரும், குளிர்காலத்தில் குவிமாடத்தின் உட்புறத்திலேயே நின்றுவிடும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை அந்த வட்டம் எங்கே இருக்கிறது என்று குறுக்குவெட்டுப் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் கட்டடத்தின் திசை, துளையின் அளவு, சூரியனின் ஓட்டம் மூன்றும் ஒரே தாளில் வந்துவிடும். தரை நடுவில் லேசாக மேடு தட்டியிருப்பதையும், மழைநீர் இறங்கும் சிறு துளைகளையும் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

கொலோசியச் சீட்டில் ஒரு சிக்கல் உண்டு, நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும். சீட்டு அவரவர் பெயரில்தான் கிடைக்கும், வாசலில் அடையாள அட்டையோடு சரிபார்ப்பார்கள். கல்லூரிப் பட்டியலில் இனிஷியலோடு இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு விரிந்திருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். அதனால் கல்லூரிப் பட்டியலைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட் பக்கத்தின் நகலைப் பார்த்தே ஒவ்வொரு பெயரையும் எழுதி, ரயில், அருங்காட்சியகம், விடுதி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பட்டியலைக் கொடுங்கள்.

அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த நாட்டவரானாலும் இலவசம். 18 முதல் 25 வரையிலான 2 யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். உங்கள் மாணவர்களுக்கு முழுக் கட்டணம் என்றே கணக்குப் போடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். அன்றைய கூட்டத்தில் நின்று வரைய முடியாது, தவிர்ப்பதே நல்லது. ஃபுளோரன்ஸில் உஃபீத்சியும் அகாதெமியாவும் திங்கள்தோறும் விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும்.

சியனாவுக்கு இரண்டு இரவு அதிகம் என்று தோன்றலாம். எங்களைக் கேட்டால், பயணத்தின் நெஞ்சே அதுதான். காம்போ சதுக்கம் ஒரு சிப்பியைப் போல விரிந்து நகர மாளிகையை நோக்கிச் சரிகிறது. செங்கல்லைச் சாய்வாகக் கோத்துப் பாவியிருக்கிறார்கள். வெள்ளைக் கல் பட்டைகள் அதை ஒன்பது பிரிவாகப் பிரிக்கின்றன. சதுக்கத்தைப் பாவிய காலத்தில் ஊரை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியின் நினைவு அது. மழைநீரெல்லாம் கீழே மாளிகைக்கு முன்னால் இருக்கும் ஒரு வடிகாலுக்கு வந்து சேரும். நம்மூர்க் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலும் 30 மீட்டர் டேப்பும் எடுத்துப் போங்கள். நான்கு பேர் கொண்ட குழு விளிம்பிலிருந்து வடிகால் வரை ஒரு பட்டை வழியே மட்டம் எடுத்தால் சரிவின் குறுக்குவெட்டைக் காலைக்குள் வரைந்துவிடலாம். டியூபுக்குள் காற்றுக்குமிழி நின்றால் அளவு தப்பாகும். ஒவ்வொரு முறையும் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து நீர்மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று பாருங்கள். காலை 8 மணிக்கே போய்விடுங்கள், 10 மணிக்கு மேல் டேப் விரிக்க இடம் இருக்காது. ஜூலை 2, ஆகஸ்ட் 16 பாலியோ குதிரைப் பந்தயத்தை ஒட்டிய நாட்களும் வேண்டாம். ஓடுபாதைக்காக மண் கொட்டிவிடுவார்கள், சரிவை முழுதாக அளக்க முடியாது.

மாலையில் அதே மாளிகைக்குள் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338-39இல் தீட்டிய நல்லாட்சி ஓவியத்தைக் காட்டுங்கள். கூரை மேல் வேலை செய்யும் கொத்தனார்கள்கூட அந்தச் சுவரில் இருக்கிறார்கள். காலையில் சதுக்கத்தை அளந்த பிள்ளைகள் அந்த நகரத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். சியனாவிலிருந்து ஃபுளோரன்ஸுக்குப் பேருந்தே வசதி. ரயில் நிலையம் குன்றின் அடியில் இருக்கிறது, பேருந்து ஊருக்குள்ளிருந்தே புறப்படும்.

ஃபுளோரன்ஸில் பேராலயத்தின் மேல் கட்டடக்கலைஞர் புருனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடம் (1420-36): 463 படி, லிஃப்ட் கிடையாது. குவிமாடத்தின் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே ஏறும் வழி ஓர் ஆள் அகலம்தான். ஆஸ்துமாவோ மூடிய இடத்தில் பயமோ இருக்கிறவர்களை ஊரில் இருக்கும்போதே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வழியில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். ஏறாதவர்கள் பேராலய அருங்காட்சியகத்தில் சிற்பி கிபெர்த்தியின் அசல் வெண்கலக் கதவுகளைப் பார்க்கலாம். ஞானஸ்நான ஆலயத்தில் இப்போது இருப்பவை நகல்கள். ஏறும் நேரத்தைச் சீட்டிலேயே குறித்திருப்பார்கள், தவறவிட்டால் போனதுதான்.

அளவெடுக்க இன்னும் அருமையான இடம் அதே புருனெல்லெஸ்கியின் அனாதை இல்ல முகப்பு. தூணின் உயரம், தூண்களுக்கு இடையிலான தூரம், தாழ்வாரத்தின் ஆழம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. அதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், டேப்பைக் கொடுத்து அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

பொலோனியாவில் நின்று பார்ப்பதைவிட நடப்பதே பாடம். ஊரின் தூண் நடைகள், அதாவது தூண்கள் தாங்கும் கூரைக்குக் கீழே போகும் நடைபாதைகள், மொத்தம் 62 கிலோமீட்டர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. சான் லூக்கா குன்றுக்கு ஏறும் நடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போய்த் திரும்ப அரை நாள் போதும். அதிவேக ரயில் நடைமேடைகள் பூமிக்கு அடியில் ஆழத்தில் இருக்கின்றன. பெட்டியோடு இறங்க 20 நிமிடமாவது ஒதுக்குங்கள். சைவப் பிள்ளைகளை இந்த வட்டாரத்தில் கவனித்துக்கொள்ள வேண்டும். பியாதீனா ரொட்டியில் இறைச்சி இல்லாவிட்டாலும் மாவில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். ‘சென்ஸா ஸ்த்ரூத்தோ’ (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். காய்கறி ரிசோத்தோ என்ற அரிசிச் சாப்பாட்டிலும் இறைச்சி வேகவைத்த சாறு சேர்ந்திருக்கலாம்.

பிராந்திய ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறும் முன் நிலைய இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். வேலைநிறுத்தங்களை முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள். வாரநாட்களில் காலை 6-9, மாலை 6-9 மணிக்குக் குறிப்பிட்ட பிராந்திய ரயில்கள் எப்படியும் ஓடும்.

வெனிஸில் வழிகாட்டியோடு போகும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. 15 பேராக இரண்டு குழுவாகப் பிரியுங்கள். வெனிஸுக்கு முந்தின நிலையமான மெஸ்த்ரேயில், ஊர் வந்துவிட்டதென்று நினைத்துப் பாதிப் பேர் இறங்கிவிடும் அபாயம் உண்டு. கடைசி நிலையமான சாந்தா லூச்சியா வரை யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று முந்தின இரவே சொல்லிவிடுங்கள். பாலத்துக்குப் பாலம் படி ஏறி இறங்க வேண்டும், அதனால் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிதான். நுழைவுக் கட்டணம் உள்ள நாட்களில் அங்கேயே தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கான குறியீட்டை ஒவ்வொருவர் பெயரிலும் இணையத்தில் முன்பே எடுத்து, அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

மாலை உணவுக்கு முன் தினமும் அரை மணி நேரம் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். கைபேசியை ஒரு பையில் போட்டுவிட்டு மூன்று கேள்விக்கு மட்டும் எழுதட்டும்: இன்று எதை அளந்தாய், எங்கே அதிக நேரம் உட்கார்ந்தாய், ஏன் அங்கே? இரவுக்குத் தள்ளிவைத்தால் தூக்கம் வந்துவிடும், எழுத மாட்டார்கள்.

திருத்திய திட்டத்தை அனுப்புங்கள். எந்தக் கிழமையில் எந்த ஊர் என்று பார்த்து, விடுமுறை நாட்களோடு ஒத்துவைத்துத் தருகிறோம். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 மூன்றும் அங்கே பொது விடுமுறை.

அன்புடன்,
உங்கள் நண்பர்கள்