ஜெர்மனியிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். குளிர் பழகிவிட்டது, மொழியில்தான் இன்னும் தடுமாற்றம். உன் ஆபீஸ் லேப்டாப் அடிக்கடி திரையைப் படமெடுத்து மேலதிகாரிக்கு அனுப்புகிறது என்று எழுதியிருந்தாயே, படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

இங்கே பல நிறுவனங்களில் ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு ஒன்று இருக்கும். பெட்ரீப்ஸ்ராட் என்பார்கள். ஊழியர்களைக் கண்காணிக்கக்கூடிய மென்பொருள் எதுவானாலும், அந்தக் குழு சம்மதிக்காமல் நிர்வாகம் கொண்டுவர முடியாது, சட்டமே அப்படித்தான். சமீபத்தில் எங்கள் ஆபீஸில் இணையப் பயன்பாட்டைப் பதிவுசெய்யும் மென்பொருளைப் போட நினைத்தார்கள். குழுவில் இருக்கும் வயதான அம்மா ஒருவர் அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டார். இதை யார் யார் பார்ப்பார்கள்? பெயரோடு தெரியுமா, மொத்தக் கணக்கு மட்டுமா? எத்தனை நாளில் அழிப்பீர்கள்? கடைசியில் பதிவிலிருந்து பெயர்களை நீக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே ஒருவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு தைரியமாக இருந்தது.

முதலாளி எதையுமே பார்க்கக் கூடாது என்றில்லை. வைரஸ், தகவல் கசிவு என்று அவர்களுக்கும் கவலை உண்டு. ஆனால் காரணமில்லாமல் எல்லார் மேலும் எந்நேரமும் கண் வைக்க முடியாது. 2017 ஜூலையில் இந்நாட்டின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒருவர் விசைப்பலகையில் தட்டியதையெல்லாம் பதிவுசெய்து, அதை வைத்து அவரை வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள். குறிப்பிட்ட சந்தேகம் இல்லாமல் திரட்டிய அந்தப் பதிவை ஏற்க முடியாது என்றது தீர்ப்பு.

அதே வருடம் செப்டம்பரில், ருமேனியாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவருக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது. வேலைக்காகத் திறந்த யாஹூ மெசஞ்சர் கணக்கில் சகோதரரோடும் வருங்கால மனைவியோடும் அவர் பேசியதை நிறுவனம் எடுத்துப் படித்திருக்கிறது! சொந்த உபயோகம் கூடாது என்ற விதி இருந்தது உண்மைதான். ஆனால் இந்த அளவுக்குப் பார்ப்போம் என்று அவருக்கு முன்கூட்டியே சொன்னார்களா என்பதை ருமேனிய நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை. விதி போட்டுவிட்டால் வேலையிடத்தில் ஒருவருடைய தனிவாழ்க்கை இல்லாமலே போய்விடாது என்றார்கள் நீதிபதிகள்.

நீயும் கேளடா. அந்தப் படங்கள் எங்கே போகின்றன, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்று ஹெச்.ஆருக்கு மரியாதையாக மின்னஞ்சல் அனுப்பு. கூட வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. அதுவரை வங்கிக் கணக்கு, டாக்டர் ரிப்போர்ட் எதையும் அந்த லேப்டாப்பில் திறக்காதே. உன் சொந்த போனில், சொந்த டேட்டாவில் பார். ஆபீஸ் வைஃபை வேண்டாம்.

என்ன பதில் சொன்னார்கள் என்று உடனே எழுது.

அன்புடன்,
அக்கா