நீதிமன்றச் சதுக்கத்து மூலைக் கட்டடம்: புதுப்பிப்புப் பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கட்டடத்தின் முகப்பு, சுவர், கூரை வேலைகள் முடிந்துவிட்டன. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்ததும் தனியாக வந்து சேரும். என்ன செய்தோம், எதைத் தொடாமல் விட்டோம், ஏன் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

நெடுஞ்சாலையோரப் புதிய கடைகளுக்கு ஈடுகொடுக்க, 1960-களில் அமெரிக்கத் தென் மாநிலச் சிற்றூர்கள் பலவற்றில் பழைய முகப்புகளை அலுமினியத் தகட்டால் மூடினார்கள். ஜார்ஜியாவின் இந்த ஊரும் அதற்கு விலக்கல்ல. தகட்டைக் கழற்றியதும், செயின்ட் லூயிஸ் நகரத்து மெஸ்கர் சகோதரர்களின் பட்டறையில் செய்த முகப்பு வெளிப்பட்டது. அந்தக் காலத்தில் விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்துத் தபாலில் ஆர்டர் கொடுத்தால் தூண்களும் தகட்டு வேலைப்பாடும் ரயிலில் வந்து இறங்கும். உள்ளூர் ஆட்கள் பொருத்திக்கொள்வார்கள். தூணின் அடியில் அடை அடையாக இருந்த பெயிண்டைச் சுரண்டியபோது நிறுவனத்தின் பெயரும் 1887 என்ற காப்புரிமை ஆண்டும் ஒவ்வோர் எழுத்தாகத் தெரியவந்தன. மேலே உள்ள கொடுங்கை, அதாவது முகப்பின் உச்சியில் நீட்டி நிற்கும் அலங்கார விளிம்பு, தெருவில் நிற்பவருக்குக் கல்லாகவே தோன்றும். கையால் தட்டினால் டங்கென்று ஒலிக்கும் மெல்லிய தகடு அது. அலுமினியத்துக்காகப் போட்ட ஆணித் துளைகளில் மழைநீர் இறங்கி அரித்த பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து, அதே வார்ப்பில் புதுத் தகடு சேர்த்தோம்.

வேலையின் பெரும்பகுதியை விழுங்கியது செங்கல் சுவர்தான். பழைய செங்கல் மென்மையானது; சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையானது. சுவருக்குள் புகும் ஈரம் சாந்தின் வழியே வெளியேறிவிடும். பிற்காலத்தில் யாரோ நல்லெண்ணத்துடன் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். சிமெண்ட் வழிவிடாததால் ஈரம் செங்கல் வழியாக வெளியேற, உப்பு உள்ளே படிந்து, செங்கலின் முகம் பொரிந்து உதிர்ந்தது. இயந்திர அறுவையை அனுமதித்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். செங்கலின் ஓரங்களும் போயிருக்கும். அதனால் பெரும்பாலும் உளியால்தான் சிமெண்டை எடுத்தார்கள். புதுச் சுண்ணாம்புச் சாந்து கோடை வெயிலில் விரைந்து காய்ந்து வெடிக்காதிருக்க, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காத்தார்கள். கொத்தனார்களின் பொறுமைக்கு இந்தக் குழு தலைவணங்குகிறது.

மேல்மாடித் தரை, நீள்ஊசிப் பைன் மரத்தின் வைரம் பாய்ந்த பலகை. தென்பகுதியில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் நின்ற அந்தக் காடுகளில் இன்று மிஞ்சியிருப்பது மிகச் சொற்பம். இனி இப்படிப்பட்ட பலகை கிடைப்பது அரிது என்பதால் வழுவழுப்பாக இழைக்க நாங்கள் சம்மதிக்கவில்லை. கால் பட்ட தேய்வு அப்படியே இருக்கிறது.

பக்கச் சந்தில் செங்கல் வைத்து அடைத்திருந்த வாசல் பற்றி நம் கூட்டங்களில் நீண்ட விவாதம் நடந்தது. கீழ்த்தளத்தில் மருந்துக் கடையும் சோடாக் கடையும் இருந்த காலத்தில் கறுப்பின மக்கள் அந்த வாசலில் நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது. உள்ளே உட்கார அவர்களுக்கு இடமில்லை. 1964-ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் வந்த பிறகே அந்த வழக்கம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. பூசி மறைத்துவிடலாம் என்று சிலர் கேட்டார்கள். குழு மறுத்துவிட்டது. முகப்பின் அழகை வெளிக்கொணர்ந்துவிட்டு இதை மூடுவது நேர்மையல்ல. அடைத்த செங்கலை எடுத்து, வாசலைத் திறந்து, தேய்ந்த படிக்கல்லை அப்படியே வைத்திருக்கிறோம். அங்கே நின்றவர்களில் இன்று நம்மோடு இருக்கும் மூத்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து, அவர்கள் ஒப்புதலுடன் பலகையில் எழுதியிருக்கிறோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் முன்வாசலில் அமைந்துள்ளது. யாரும் பக்கவாசலுக்குப் போக வேண்டியதில்லை.

வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிக்கும் செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசு வரிச் சலுகையாக அளிக்கிறது. 5 ஆண்டுகளில் பிரித்துப் பெற வேண்டும். இந்தச் சலுகைக்கான, அமெரிக்க உள்துறைச் செயலரின் விதிமுறைகளுக்கு முகப்பும் மர ஜன்னல்களும் உட்பட்டவை. ஆகவே வாடகைதாரர்கள் குழுவைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

மேல்மாடிப் பின்னறையும் மின் இணைப்பும் பாக்கி. ஆண்டுக்கு இருமுறை மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய ஆள் தேவை. முன்வருபவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் மணல் வீச்சால் சுவரைத் துப்புரவு செய்ய வேண்டாம்.