அது வேப்பிலை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில், 'கீழே கிடக்கும் ஓர் இலையை எடுத்துப் பார்த்தாலே மரத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்' என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்திலேயே 'வேப்பிலை' என்று ஒரு படம். அது இலை இல்லை ஐயா, சிற்றிலை. நடுக்காம்பின் இரு பக்கமும் வரிசையாக நிற்கிறதே, அத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு வேப்பிலை. உங்களுக்குத் தெரியாததா?

30 வருடம் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவள் நான். பிள்ளைகளைக் கிளையருகே நிறுத்தி, காம்பு கிளையோடு சேரும் கக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். அங்கே மிளகைவிடச் சின்னதாக ஒரு மொட்டு இருக்கும். அந்த இடத்தில்தான் இலை தொடங்குகிறது. சிற்றிலையின் அடியில் எவ்வளவு தேடினாலும் மொட்டு கிடைக்காது. இது தெரிந்தால்தான் வேம்பையும் மலைவேம்பையும் பிரிக்க முடியும். வேம்பில் சிற்றிலைகள் நடுக்காம்பிலேயே நிற்கும். மலைவேம்பில் நடுக்காம்பு மறுபடியும் பிரிந்து, அந்தக் கிளைக்காம்புகளில் நிற்கும். உதிர்ந்த ஒற்றைச் சிற்றிலையைக் கையில் கொடுத்தால் நானே தயங்குவேன்.

போன வருடம் சவுக்கின் 'ஊசியிலைகள்' என்று போட்டீர்கள். அந்த ஊசி ஒரு பச்சைக் குச்சி. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பொடிப் பற்கள் போலத் தெரிகிறதே, அதுதான் இலை. உணவு தயாரிக்கும் வேலையைக் குச்சியே பார்த்துக்கொள்கிறது. அதற்கு முன்னால், இலை இரவில் மட்டும்தான் கரியமில வாயுவை விடும் என்று ஒரு துணுக்கு. இலை பகலிலும் சுவாசிக்கிறது. வெயிலில் அதைவிட அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்வதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், அரசிலை என்று பூவரசு இலையைப் போட்டதும் நீங்கள்தான். அரசிலையின் நுனி வால்போல நீளும், காம்பைக் கிள்ளினால் பால் வரும். பூவரசுக்கு இரண்டும் கிடையாது. இதைப் பக்குவமாக விளக்கி அப்போதே கடிதம் எழுதினேன். 'கட்டுரை அருமை' என்ற முதல் வரியை மட்டும் அச்சிட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். பாராட்டுவதற்கா நான் எழுதினேன்? அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை இலையை ஒரு சாண் கிளையோடு படமெடுக்கச் சொல்லுங்கள், மொட்டு தெரியட்டும். சிறுவர் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். என் பேத்தி உங்கள் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். திருத்தம் வந்தால் அதையும் பக்கத்திலேயே ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை