பாகம் பேசி முடிக்கிற பெரியவங்களுக்கு: எனக்க கையெழுத்த சாட்சியா காட்டாதீங்க

கன்னியாகுமரி மாவட்டத்துல கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடு வீடா போயி சொத்து பாகம் பேசி முடிச்சு வைக்குத சபை கமிட்டி பெரியவங்களுக்கும், மாமாமாருக்கும் சித்தப்பாமாருக்கும், கூடவே இருந்து ஆதாரம் (பத்திரம்) எழுதிக் குடுக்குதவங்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை தான். 2019ல எங்க அப்பா மரிச்சு நாப்பது நாள் கழிஞ்ச பிறகு எங்க வீட்டு வராந்தாவுல வந்து இருந்து, ரப்பர் விளை 78 சென்டும் வீடு நிக்குத 12 சென்டும் அண்ணனுக்கும் தம்பிக்கும்னு பாகம் வச்சு, எனக்கு பங்கு வேண்டாம்னு எழுதின விடுதலை ஆதாரத்துல எங்கிட்ட கையெழுத்து வாங்கினது நீங்க தான். அதப்பத்தி இத்தன வருஷமா நான் ஒருத்தர்கிட்டயும் வாய் தொறக்கல. இப்போ ஏன் எழுதுதேன்னா, வாற மாசம் எங்க தெருவுல இன்னொரு வீட்டுல நீங்க பாகம் பேச இருக்கப் போறிய. அந்த வீட்டுப் பொண்ணு போன வாரம் எங்கிட்ட வந்து, "அக்கா, டீச்சரே ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டாங்கன்னு மாமா சொன்னாரு, அப்போ அது சரின்னு தானக்கா அர்த்தம்?"னு கேட்டா. அந்த டீச்சர் நான் தான். அவளுக்கு நான் அப்போ பதில் சொல்லல, ராத்திரி முழுக்க தூக்கம் வரல. அவளுக்கு சொல்ல வேண்டிய பதில உங்களுக்கே எழுதிப்போடுதேன்.

முதல்ல எங்க அப்பாவுக்க நோட்ட சொல்லணும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீல அட்டை போட்ட கணக்கு நோட்டு, ரப்பர் ஷீட் எத்தன கிலோ எடை நின்னுது, என்ன விலைக்கு போச்சு, எல்லாம் அப்பா அதுல தான் எழுதுவாரு. அன்னிக்கு உங்கள்ல ஒருத்தர் அந்த நோட்ட எடுத்து ஒரு பக்கத்த விரிச்சு எல்லாருக்கும் கேக்க வாசிச்சிய: "மகளுக்குக் கொடுத்தது, 35 பவுன், ரொக்கம் 50,000." வாசிச்சிட்டு, "பாருங்க, அப்பாவே எழுதி வச்சிருக்காரு, மகளுக்குள்ளத குடுத்தாச்சு"ன்னு நோட்ட மூடிட்டிய. நானும் தலைய குனிஞ்சிட்டேன், அப்பாவுக்க எழுத்து தானே அது.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒருநாள் அந்த நோட்ட நான் முதல் பக்கத்துல இருந்து வாசிச்சேன். நீங்க வாசிச்ச பக்கத்துக்கு ரெண்டு பக்கம் முன்னால, அதே பேனா அதே எழுத்து, "மூத்தவனுக்குக் கொடுத்தது, துபாய் விசா, 45,000"ன்னு இருக்கு. அதுக்கும் பின்னால போனா "இளையவனுக்குக் கொடுத்தது, காலேஜ் ஃபீஸ்"னு நாலு வருஷத்துக்கும் தனித்தனியா இருக்கு, கூட்டினா 1,40,000 வருது. ரப்பர் மரத்துல பால்வெட்டுகாரருக்குக் கொடுத்தது, சபைக்குக் கொடுத்தது, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது, எல்லாத்துக்கும் அப்பா அந்த ஒரே வார்த்தையத் தான் போட்டிருக்காரு, ஏன்னா அது செலவு நோட்டு. கையில இருந்து போனத எழுதி வச்ச நோட்டு அது, சொத்த பிரிச்ச நோட்டு இல்ல.

பெரியவங்களே, இந்த ஒரு காரியத்த மட்டும் நீங்க நின்னு யோசிக்கணும். ஒரே மனுஷன், ஒரே நோட்டு, ஒரே வார்த்தை. மகனுக்கு நேரா அந்த வார்த்தை வந்தா அப்பாவுக்க கடமை, பாசம்; மகளுக்கு நேரா வந்தா பங்கு தீர்த்தாச்சு. அப்பா ரெண்டு அர்த்தத்துல எழுதியிருக்கவும் செய்யலாம், அது நடக்காத காரியம்னு நான் சொல்லல, ஆனா அப்படின்னா அதுக்கு அந்த நோட்டுலயோ அவரு வேற எங்கயாவது சொன்னதுலயோ ஒரு அடையாளம் காட்டணும் இல்லியா, "இது உனக்க பங்குக்கு ஈடா"ன்னு ஒரு வரி, ஒரு சாட்சி. அப்படி ஒண்ணும் இல்லாம வார்த்தைக்க அர்த்தத்த ஆளப் பாத்து மாத்தினா அது அப்பாவுக்க எழுத்த வாசிக்குதது இல்ல, நம்ம மனசுல முன்னாடியே இருந்தத அவருக்க எழுத்துக்கு மேல வைக்குதது. நீங்க பொய் சொன்னியன்னு நான் நினைக்கல. உண்மையிலயே உங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கும், அதனால தான் முழு நோட்டையும் வாசிக்கணும்னு தோணியிருக்காது.

அடுத்தது சட்டம். "நமக்கு 1092 சட்டம், திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசு சட்டம்"னு அன்னிக்கு உறப்பா சொன்னிய. 1092ங்கிறது கொல்லம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்குக்கு 1916. அந்த சட்டத்துல மகளுக்கு மகனுக்க பங்குல காலோ இல்ல 5000 ரூபாயோ, எது கம்மியோ அது தான், சீதனம் குடுத்தாச்சுன்னா அதுவும் கிடையாது. விதவைக்கு அவ சாகுதது வரைக்கும், இல்ல மறு கல்யாணம் கட்டுதது வரைக்கும் அனுபவ பாத்தியம் மட்டும். எல்லாம் நீங்க சொன்ன மாதிரி தான். ஆனா அந்த சட்டம் இப்போ இல்ல.

1951 ஏப்ரல் 1ல இருந்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925ல வந்தது, நாம அப்போ இருந்த திருவிதாங்கூர் கொச்சிக்கும் நீட்டியாச்சு, அதுக்கு நேரான பழைய சட்டமெல்லாம் ரத்துன்னும் எழுதியாச்சு. நாம தமிழ்நாட்டோட சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதாவது நம்ம நாலு தாலுகாவும் இந்தப் பக்கம் வாறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே அந்த சட்டம் போயாச்சு.

இருந்தும் 1986 வரைக்கும் குழப்பம் இருந்துது, அத மறைக்கது சரியில்ல. புது சட்டத்துல ஒரு வரி உண்டு, வேற சட்டம் ஏதாவது நடப்புல இருந்து வேற மாதிரி சொல்லியிருந்தா தவிர இது தான் சட்டம்னு. அந்த வரிய பிடிச்சுக்கிட்டு, நம்ம 1092 சட்டம் தான் அந்த "வேற சட்டம்", அதனால அது பிழைச்சிருக்குன்னு வாதாடினாங்க. மெட்ராஸ் ஹைகோர்ட்டுலயே 1970கள்ல ஒரு நீதிபதி பழையது போயாச்சுன்னாரு, பிறகு ரெண்டு நீதிபதி இருந்த பெஞ்ச் இல்ல, இருக்குன்னு திருப்பிச்சு. கடைசியில கோட்டயத்துக்காரி மேரி ராய் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க. 1986 பிப்ரவரியில தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பதக்கும் பழைய சட்டம் 1951லயே ரத்துன்னு சொல்லிட்டாங்க. நாடு முழுக்க ஒரே மாதிரி சட்டம் வரணும்னு தான் புது சட்டத்த இங்க நீட்டினது, ஒரு விதிவிலக்கு வரி வழியா பழையது அப்படியே உள்ள வந்து இருந்துக்கிடும்னு அர்த்தம் எடுத்தா, நீட்டினதுக்கும் ரத்துன்னு எழுதினதுக்கும் வேலையே இல்லாம போயிரும்.

அந்த ரெண்டு நீதிபதி பெஞ்சையும் நான் மதிக்கேன், முடிவு தப்பாப் போனாலும். அவங்க என்ன வரிய வாசிச்சோம், ஏன் அப்படி வாசிச்சோம்னு காரணத்த எழுதி வச்சாங்க, எழுதி வச்சதுனால தான் மேல உள்ள கோர்ட்டு அத எடுத்துப் பாத்து இது நிக்காதுன்னு சொல்ல முடிஞ்சுது. தப்பா வாசிச்சாலும் நியாயமா வாசிக்க முடியும்னு எனக்கு அதப் பாத்து தான் புரிஞ்சுது. எங்க வீட்டு வராந்தாவுல நடந்ததுல அது இல்ல. எந்த வரின்னு காட்டல, கேள்வி கேக்க இடம் வைக்கல, 33 வருஷம் முன்னாடி தீர்ந்துபோன காரியத்த இன்னிக்கும் இருக்குத சட்டம்னு சொன்னிய.

இப்போ இருக்குத சட்டத்துல உயில் எழுதாம ஒருத்தர் மரிச்சா விதவைக்கு மூணுல ஒண்ணு, மீதி ரெண்டு பாகம் பிள்ளைகளுக்கு சமமா, ஆணு பொண்ணு வித்தியாசம் இல்ல. அப்போ எங்க அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு உண்டு, நீங்க அம்மாவுக்கு சொன்னது வடக்க உள்ள அறையில இருந்துக்கிடலாம்னு. இன்னொண்ணும் இருக்கு, 49ஆம் பிரிவு, அப்பா உயிரோட இருக்கும்போ பிள்ளைக்கு குடுத்ததையோ அவன முன்னுக்கு கொண்டுவர செலவு செஞ்சதையோ பங்கு போடும்போ கணக்குல எடுக்கக் கூடாதுன்னு. அத வாசிச்சப்போ எனக்கு அழுகை வந்துட்டு. எனக்க நகையும் கணக்குல வராது, அண்ணனுக்க விசாவும் தம்பிக்க ஃபீஸும் கணக்குல வராது, எல்லாம் அப்பா பிள்ளைகளுக்கு செஞ்சது, அவ்வளவு தான். எங்க அப்பா மனசுலயும் அப்படித்தான் இருந்திருக்கும்னு நான் நம்புதேன்.

வேதத்தையும் எடுத்திய, அதனால அதையும் சொல்லணும். எண்ணாகமம் 27, செலொப்பியாத்தின் குமாரத்திகள். குமாரன் இல்லன்னா தான் குமாரத்திக்கு சுதந்தரம், அதாவது சொத்துல பங்குன்னு அதுல இருக்குன்னு சொன்னிய. இருக்கு, நான் மறுக்கல. ஆனா அத அப்படியே இன்னிக்கு நம்ம விளைக்கும் வயலுக்கும் சட்டமா எடுக்கணும்னா உபாகமம் 21ல மூத்தவனுக்கு ரெட்டிப்பான பங்குன்னு இருக்குதையும் எடுக்கணுமே. எங்க அண்ணனுக்கு ரெண்டு பங்கு நீங்க வைக்கல, அண்ணனுக்கும் தம்பிக்கும் சரிசமமா தான் வச்சிய. ஏன்னு கேட்டா அது அந்தக் காலத்து முறைன்னு சொல்லுவிய. ஒரு அதிகாரம் அந்தக் காலத்து முறை, இன்னொரு அதிகாரம் இன்னிக்கும் கட்டளைன்னா, எத வச்சு பிரிச்சியன்னு சொல்லணும். யோபுக்க புஸ்தகத்துல கடைசி அதிகாரத்துல யோபு மகள்களுக்கும் அவங்க சகோதரருக்க நடுவுல சுதந்தரம் குடுத்தான்னு இருக்கு, சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல நீங்க தான் எங்களுக்கு அந்த கதைய சொல்லித் தந்திய, யோபுக்க பொறுமைய சொன்னிய, இந்த வசனத்த மட்டும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. லூக்கா 12ல ஒருத்தன் வந்து எனக்க சகோதரன் ஆஸ்திய பிரிச்சுத் தரச் சொல்லும்னு கேட்டப்போ, பங்கிடுகிறவனா என்னை வச்சது யாருன்னு ஆண்டவரே ஒதுங்கினாரு. பாகம் பேச இருக்குத இடத்துல வேதத்த தொறக்கும்போ எனக்கு ஒரு பயம் இருக்கு, உங்களுக்கும் இருக்கணும்.

வழக்கம் வழக்கம்னு சொல்லுதவங்களுக்கும் ஒரு வார்த்தை. நாஞ்சில் நாட்டுல வெள்ளாளர் வீடுகள்ல மருமக்கள் வழி, அதாவது சொத்து சகோதரிக்க பிள்ளைகளுக்குப் போற முறை தான் எத்தனையோ தலைமுறை வழக்கமா இருந்துது, 1920கள்ல அது சட்டம் போட்டு மாறிச்சு. நீங்க பிடிச்சுக்கிட்டு இருக்குத 1092 சட்டமே, ஆணும் பொண்ணும் சமமா எடுக்குத வழக்கம் உள்ள சில லத்தீன் கத்தோலிக்க, சில புராட்டஸ்டன்ட் ஆளுகளுக்கு அப்படியே சமமா இருக்கட்டும்னு விட்டு வச்சிருந்துது. இந்த மண்ணுல சமமா குடுக்குததும் ஒரு பழைய வழக்கம் தான்.

இனி எனக்க கையெழுத்து. அத போட்டது நான் தான், சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல போயி போட்டேன், ஒருத்தரும் கைய பிடிச்சு வாங்கல. அது ரெஜிஸ்டர் ஆன ஆதாரம், அத கிளற எனக்கு ஆசையில்ல, அண்ணனும் தம்பியும் எனக்க கூடப் பிறந்தவங்க, அம்மா அவங்க கிட்ட தான் இருக்கா. ஆனா அந்தக் கையெழுத்து, நான் கையெழுத்து போட்டேன்ங்கிறதுக்கு மட்டும் தான் சாட்சி. ஏன் போட்டேன்ங்கிறத நீங்க எங்கிட்ட ஒருநாளும் கேக்கல. சட்டப்படி எனக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னிய, நான் நம்பினேன், இல்லாத பங்க விட்டுக் குடுக்க எதுக்கு சண்டைன்னு போட்டேன். அம்மா அடுக்களையில அழுதுக்கிட்டு இருந்தா. 2022 செப்டம்பர்ல மேரி ராய் மரிச்சப்போ பேப்பர்ல வந்த செய்திய வாசிச்சு தான் எனக்கு இதெல்லாம் தெரிஞ்சுது. தெரியாம போட்ட கையெழுத்த, தெரிஞ்சு ஒத்துக்கிட்டதா இன்னொரு பிள்ளைக்கு முன்னால காட்டுதது சரியில்ல. அப்பா உயில் எழுதி வச்சிருந்தா அது வேற காரியம், அது அவருக்க உரிமை. எல்லாம் தெரிஞ்சு மனசோட விட்டுக் குடுக்குத பொண்ணும் உண்டு, அவளையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

வாற மாசம் அந்த வீட்டுக்குப் போகும்போ அந்தப் பிள்ளைக்கும் அவளுக்க அம்மாவுக்கும் சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல சொல்லுங்க, நீங்க எந்த வரிய வச்சு சொல்லுதியன்னு காட்டுங்க, ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு வர நாள் குடுங்க. அதுக்குப் பிறகு அவ என்ன முடிவு எடுத்தாலும் அது அவளுக்க முடிவு. எனக்க பேர அங்க எடுத்தா நானும் வந்து இருப்பேன். அப்பாவுக்க நீல நோட்டு எங்கிட்ட தான் இருக்கு, அதையும் கொண்டு வாறேன், முதல் பக்கத்துல இருந்து வாசிப்போம்.