தலையணை உறையின் பின்பக்கம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகள்,

அம்மம்மாவின் தலையணை உறையைப் பிரேம் போட்டு உன் புது வீட்டு ஹோலில் மாட்டவேணும், அனுப்பி விடுங்கோ என்று கேட்டிருந்தாய். அனுப்புகிறேன். பிரேம் மட்டும் போடாதே. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

சின்ன வயதில் நீ பார்த்ததெல்லாம் அதன் முன்பக்கம்தான். நூலால் தைத்த இரண்டு ரோஜாக் கொத்து, நடுவில் ஆங்கிலத்தில் ‘குட் நைட்’. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீட்டுக் கட்டிலில் இப்படி ஓர் உறை கிடந்தது. மிஷன் பள்ளிக்கூடங்கள் பழக்கிவிட்ட வேலை அது. உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824 இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியபோதே எழுத்தோடு ஊசியும் வந்துவிட்டது. ரோஜாவும் அப்படி வந்ததுதான். எங்கள் வளவில் நின்றது செவ்வரத்தையும் நந்தியாவட்டையும்.

இப்போது உறையை உள்பக்கம் திருப்பிப் பார். இடது கொத்தில் ஒரு முடிச்சுக்கூட இல்லை. நூலின் நுனியைத் தையலுக்கு அடியிலேயே ஓட்டி மறைத்திருப்பா. அது அம்மம்மா. வலது கொத்தில் குட்டிக் குட்டி முடிச்சுகள், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் அப்படியே தாவிப் போயிருக்கும். அது அம்மம்மாவின் தங்கச்சி. பிறகு முன்பக்கம் காம்புகளை உற்றுப் பார். காம்புத் தையல் கயிறு முறுக்கினதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து வரும். இடது கொத்தில் ஒரு பக்கமும் வலது கொத்தில் மற்றப் பக்கமும் சாய்ந்திருக்கும். தங்கச்சி இடக்கைக்காரி. அக்காவின் கலியாணத்துக்கு இருவரும் ஆளுக்கொரு பக்கமாக இருந்து தைத்தார்களாம்.

கலியாணம் முடிந்து கொஞ்சக் காலத்தில் அந்தத் தங்கச்சி காய்ச்சலில் செத்துப்போனா. அவவின் படங்கள் இருந்த அல்பம் வீட்டோடு போய்விட்டது. அவ எப்படி இருந்தா என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவவுடைய கை சாய்ந்த பக்கம் மட்டும் இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது உனக்குத் தெரியும். அம்மம்மா காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், தாலிக்கொடி எல்லாவற்றையும் இந்த உறைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி ஊசி குத்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தா. வாய்ப் பக்கத்தில் ஒரு கறள் கறை இருக்கிறதே, அது அந்த ஊசி. மழையில் நனைந்தது. எலுமிச்சம்புளி கிளிமிச்சம்புளி என்று எதையாவது தேய்த்து அதைப் போக்காட்டிவிடாதே.

உன்னோடு வேலை செய்யும் பாலஸ்தீனப் பிள்ளையின் தாயார் தைத்த உடுப்பைப் பற்றிச் சொன்னாய், அதற்குப் பிறகு நானும் தேடி வாசித்தேன். அவர்களுக்குக் குறுக்குத் தையல்தான் உயிர். ரமல்லா என்றால் வெள்ளை லினனில் சிவப்பு நூல், பெத்லகேம் என்றால் கயிறு வைத்துத் தைத்தது. உடுப்பைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார்களாம். 1987 இல் இன்டிஃபாடா என்ற பாலஸ்தீன மக்கள் எழுச்சி தொடங்கி, கொடி பிடிக்கத் தடை இருந்த காலத்தில், பெண்கள் கொடியின் நிறங்களைத் தங்கள் உடுப்பிலேயே தைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். 2021 இல் யுனெஸ்கோ அந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, கொஞ்சம் ஏக்கமாகவும் இருந்தது. எங்கள் உறையைப் பார்த்து யாரும் ஊர் சொல்ல முடியாது. ஆளைத்தான் சொல்லலாம், அதுவும் கையை அறிந்தவர்கள். அம்மம்மா போன பிறகு அந்த இரண்டு கையையும் அறிந்தவள் நான் ஒருத்திதான். இதை வாசித்து முடித்தால் நீயும்.

பிரேம் போட்டால் பின்பக்கம் சுவருக்குப் போய்விடும். கடைக்காரர் பசை வைத்து ஒட்டினால் துணியும் பழுத்துப் போகும். வெயில் படாமல், கழுவிய பழைய வெள்ளைத் துணியில் சுற்றி அலுமாரியில் வை. இடைக்கிடை எடுத்து மடிப்பை மாற்றிப் போடு, ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் கிழியும். பேத்தி வந்து கேட்டால் கையில் கொடு, தொட்டுப் பார்க்கட்டும்.

சுவருக்கு ஏதாவது வேணுமென்றால் நீயே தை. இரண்டு கொத்தையும் காபன் வைத்துப் பிரதி எடுத்து அனுப்புகிறேன். புறக்கோட்டையில் ஆங்கர் நூலும் வாங்கிவிட்டேன், சிவப்பில் மூன்று விதம், பச்சையில் இரண்டு. ஆறு இழையில் இரண்டைப் பிரித்துக் கோர், முழுதாய்க் கோர்த்தால் தடித்துப் போகும். காம்பில் தொடங்கு. சின்னவள் பென்சிலை இடது கையால் பிடிக்கிறாள் என்று போன கிழமை சொன்னாயே, அவளுக்கு வலது கொத்தைக் கொடு, கையை மாற்றச் சொல்லிச் சொல்லாதே.

மாமி அடுத்த மாதம் அங்கே வருகிறா, அவவிடம் கொடுத்துவிடுகிறேன். கிடைத்ததும் போன் எடு.

அன்புடன்,
அம்மா